கருங்கல்லின் மேல் ஒரு விருந்து

எங்கள் குடும்பம் மூன்று கண்டங்களில் ஏறி இறங்கியிருக்கிறது; பார்த்ததெல்லாம் கல்யாண மண்டபங்கள். லண்டனில் ஒரு மண்டபம், பாரிஸில் ஒரு மண்டபம், சுவிஸில் பனிமலைக்கு நேர் கீழே ஒரு மண்டபம். அந்தப் பனிமலை எங்களுடைய ஒரு படத்திலும் இல்லை. மணவறை சோடித்தவர்கள் யன்னலை மறைத்துச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.

மண்டபம் முடிந்தால் வீடுகள் தொடங்கும். அந்த நகரத்தில் எத்தனை சொந்தக்காரர் இருக்கிறார்களோ அத்தனை வீட்டுக்கும் போக வேண்டும், அத்தனை வீட்டிலும் சாப்பிட வேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் தேத்தண்ணியோடு எழும்பினால் பத்து வருடம் கழித்து வேறொரு மண்டபத்தில் அது ஞாபகப்படுத்தப்படும்.

அதனால்தான் மெல்பேர்ணில் இருக்கும் அம்மாவின் தம்பி தன் மகளின் கல்யாணத்துக்கு அழைத்தபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். அங்கே நிற்கப்போகும் ஒன்பது நாட்களில் ஒரு நாள் எனக்கு வேண்டும். அந்த நாள் அம்மாவை நான் ஓரிடத்துக்குக் கூட்டிப்போவேன். அது யாருடைய வீடாகவும் இருக்காது. அம்மா உடனே சரியென்றார். நான் மறந்துவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் மறக்கும் ஆள் இல்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவர். அவர்களுக்கு முன்னிருந்தவர்களும் அப்படித்தான். எங்கள் இரண்டு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். இதை அடக்கத்துக்காக மெல்லிய குரலில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நான் படித்தது பாறைகளையும் மண்ணையும் பற்றிய படிப்பு. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் வேலை. ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் புதிய வீடுகள் கட்டுவதற்கு முன்னால் நிலத்தைத் துளைத்து எடுக்கும் மண்ணைப் பார்த்து, அது என்ன மண், எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த வீடுகளில் பாதியை எங்கள் ஆட்கள்தான் வாங்குகிறார்கள். சமையலறைக் கல்லுக்கு எந்த நிறம் என்று மூன்று மாதம் யோசிப்பார்கள். வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அம்மாவும் கேட்டதில்லை. வேலைத்தளத்திலிருந்து சேற்றுச் சப்பாத்தோடு ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினால், பக்கத்து வீட்டு அன்ரி பார்க்கமுதல் கராஜுக்குள் போய்க் கழற்றச் சொல்வார். யாராவது கேட்டால், பிள்ளை என்ஜினியர் என்பார். ஏழு வருடமாக இதே பதில். நான் பக்கத்தில் நிற்கும்போதும் இதே பதில்.

வடக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் கனடாவிலும் அருமையான கருங்கல் உண்டு. அங்கே கூட்டிப்போய், இதுதான் அம்மா நான் படித்தது என்று காட்டுவதற்கு ஏழு தரம் நாள் குறித்தேன். ஏழு தரமும் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடோ, கோயில் திருவிழாவோ, அம்மாவின் ஓவர்டைமோ குறுக்கே வந்தது. வேறொரு நாட்டில், வேலையும் இல்லாமல், என்னைவிட்டால் வழியும் தெரியாமல் இருக்கும்போதுதான் அம்மா என் கையில் அகப்படுவார் என்று கணக்குப் போட்டேன்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு அருகில் இருந்த ஒரு பெண் மகள் என்ன செய்கிறாள் என்று விசாரித்தார். அம்மா வடையைப் பிய்த்துக்கொண்டே, "என்ஜினியர்" என்றார். நான் தலையாட்டிச் சிரித்தேன். அந்தப் பொய்யில் நான் பிழை பிடிக்கவில்லை. மூத்த பிள்ளையைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் அவர் சொல்கிறார். ஆனால் நான் உண்மையில் என்னவாக இருக்கிறேனோ அதில் அவருக்குப் பெருமை கிடைக்கவில்லையே. புதன்கிழமை என்னுடைய நாள் என்று அன்று மாலையே எல்லோருக்கும் மறுபடி நினைவூட்டினேன்.

"கல்லுத்தானே பிள்ளை," என்றார் அம்மா. "கல்லை எங்கயும் பாக்கலாம்."

நான் தெரிந்தெடுத்த ஊர் மெல்பேர்ணிலிருந்து வடகிழக்கே மூன்றரை மணி நேரம். தங்கம் தோண்ட வந்தவர்கள் கட்டிய ஊர். பழைய நீதிமன்றம், சிறைச்சாலை, தந்திக் கந்தோர் எல்லாம் கட்டியபடியே நிற்கின்றன. ஊரின் விளிம்பில் ஒரு சிற்றாறு கருங்கல் தட்டுகளில் வழிந்து ஒரு மலையிடுக்குக்குள் விழுகிறது. அந்தப் பாறையின் படம் இரண்டாம் வருடத்தில் என் பாடப் புத்தகத்தில் இருந்தது. வகுப்பில் மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். நான் அதிலேயே நின்றேன்.

யூலை மாதம் அங்கே குளிர்காலம். இதையும் நான் ரொறன்ரோவில் சொன்னேன். யூலையில் என்ன குளிர் என்று அம்மா பருத்திச் சட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். கனடாவிலிருந்து வந்து மெல்பேர்ணில் விறைத்துப்போன பெண் என்று ஒரு கிழமையாக அவரைச் சொந்தம் முழுக்கப் பகிடி பண்ணியது. புதன்கிழமை மாமாவின் பெரிய நீல ஜாக்கெட்டுக்குள் கைகூடத் தெரியாமல் வந்து வாகனத்தில் ஏறினார். ஐந்து மணி தாண்டினால் அங்கே சூரியன் போய்விடும். அதனால் காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மாமா பஸ் ஓட்டுநர், நேரத்துக்கு ஓடுகிற மனிதர். ஆனால் அது வேலையில் மட்டும் என்று தெரிந்தது. குளிப்பு, சாமி கும்பிடுதல், தேத்தண்ணி, ரயர்க் காற்று எல்லாம் முடிந்து வெளிக்கிட ஒன்பதரை.

பாதி வழியில் மாமா ஒரு சந்தோசமான செய்தி சொன்னார்.

"நாங்கள் போற ஊரில எங்கட ஆக்கள் இருக்கினம், தெரியுமே? உங்கட மாமியின்ர சித்தப்பாவின்ர மகளுக்கு மச்சாள் முறை. நேற்றே போன் பண்ணிச் சொல்லிப்போட்டன்."

சில ஆயிரம் பேர் இருக்கும் ஊர். உலகத்தின் அடிப்பக்கத்தில், தங்கம் முடிந்து எல்லோரும் விட்டுப்போன ஊர். அங்கேயும் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. விசாவுக்காக ஊர்ப்புறங்களில் வேலை எடுத்துக் குடியேறிய குடும்பங்களில் ஒன்றாம்.

"மாமா, நேரம் இல்லை," என்றேன்.

"சும்மா முகத்தைக் காட்டிப்போட்டுப் போவம். தேத்தண்ணி மட்டும்."

கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அன்று காலையிலிருந்து முதல் தரமாக அது மலர்ந்திருந்தது.

ஊருக்குள் நுழையும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. அகலமான பிரதான வீதி. கடைகளுக்கு முன்னால் நடைபாதையை மூடி இறக்கிய நீண்ட கூரைகள். அவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் கல் கட்டடங்கள். இரண்டு நிமிடம் என்று கெஞ்சி இறங்கினேன். நீதிமன்றச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். கிட்டப் பார்த்தால் சாம்பலும் வெள்ளையும் கறுப்பும் கலந்த பெரிய மணிகள், உளி கொத்திய தழும்புகள். அந்த ஊரை அதற்குக் கீழே இருந்த கல்லையே வெட்டி எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் யன்னலை ஒரு அங்குலம் இறக்கி, குளிருது, பிறகு பாப்பம் என்று ஏற்றிவிட்டார். மாமா ஹோர்ன் அடித்தார்.

அந்த வீட்டுக் கதவு திறந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தேத்தண்ணிக்கு வரும் வாசனை அது இல்லை. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, புட்டு, சொதி, இன்னும் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை. எங்களுக்காக அன்று லீவு போட்டிருந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். காலை ஐந்து மணியிலிருந்து சமைக்கிறாராம். ஊரில் வேறு தமிழ்க் குடும்பம் இல்லை, நாலு வருடத்தில் இந்த வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளிகள் நாங்கள்தான் என்று சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருந்துவிட்டார்.

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று முப்பத்தைந்து. எங்கள் வீடுகளின் நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் பத்து நிமிடம் என்று சொல்லப்படும் சாப்பாடு இரண்டரைக்கு மேசைக்கு வரும். மூன்றரைக்குத் தேத்தண்ணி. அதற்குப் பிறகு கல்யாண அல்பம். நாலே காலுக்குப் போட்டு வாறம் என்று எழும்பினால் வாசலில் நின்று கதைக்க அரை மணி. நாங்கள் பாறைக்குப் போய்ச் சேரும்போது அங்கே இருட்டு மட்டும்தான் இருக்கும். அம்மா, அதுக்கென்ன இன்னொரு நாள் வருவம் என்பார். இன்னொரு நாள் என்று ஒன்று எங்கள் குடும்பத்தில் வந்ததே இல்லை.

சாப்பிடாமல் எழும்புவது நினைத்துப் பார்க்கவும் முடியாதது. இந்த அக்காவின் வீட்டில் அது பாவமும்கூட. குசினிக்குள் போய், உதவி செய்கிறேன் என்று வெங்காயத்தை எடுத்துவைத்துக்கொண்டு, மலையிடுக்குப் பக்கம் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"அஞ்சு நிமிசத்தில இருக்கெண்டு தெரியும்," என்றார் அக்கா. "வேலைக்குப் போற வழியில பேர்ப் போர்ட்டைப் பாக்கிறனான். வெள்ளைக்காரர் நாயோட போவினம். எங்களுக்கு அங்க என்ன இருக்கெண்டு போகேல்லை."

நாலு வருடம். எனக்குச் சட்டென்று அவர்மேல் ஒரு நேசம் வந்தது. மண்டபமும் சொந்தமும் இல்லாத ஊரிலும் எங்கள் ஆட்களில் ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

"அக்கா," என்றேன், "சாப்பாட்டைக் கட்டுங்கோ. எல்லாரும் அங்க போய்ச் சாப்பிடுவம். நீங்களும் வாங்கோ."

அகப்பை சட்டிக்குள் நின்றுவிட்டது. என்னுடைய குரல் கொஞ்சம் பெரியது. அது முன்னறைவரை போய்விட்டது. அம்மா குசினி வாசலுக்கு வந்து, மற்றவர்களுக்கு முன்னால் திட்ட முடியாதபோது என்னைப் பார்க்கும் பார்வையைப் பார்த்தார். வேலை மினக்கெட்டுச் சமைத்து வைத்திருக்கும் பிள்ளையிடம் கதைக்கிற கதையா இது என்று பற்களுக்கிடையே கேட்டார். மாமா, கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டவர்போலத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போடப்பட்டிருக்கவில்லை.

அக்காவுக்குப் பயம் வேறு. "வந்த ஆக்களைக் கல்லில இருத்திச் சாப்பாடு குடுத்தவள் எண்டு நாளைக்குக் கதைப்பினம்."

"ஆர் கதைக்கிறது?" என்றேன். "கதைக்கிற ஆக்கள் எல்லாரும் இந்த வீட்டுக்குள்ளதான் நிக்கிறம்."

அக்கா என்னைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில். அடுப்பை நிற்பாட்டினார்.

"ரெண்டு நிமிசம் பொறும். சப்பாத்து மாத்திக்கொண்டு வாறன்."

கடதாசிக் கோப்பையில் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு கொடுக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் பெட்டி பிரிக்காமல் இருந்த பூப்போட்ட பீங்கான் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து, துவாய்களில் சுற்றி, உடுப்புக் கூடைக்குள் அடுக்கினார். கறிகள் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குள் போயின. புட்டைப் பானையோடு கட்டினோம். சொதிச் சட்டியை அம்மா மடியில் வைத்துக்கொண்டு வாகனத்தில் இருந்தார். ஒவ்வொரு வளைவிலும் என்னைத் திட்டுவதற்குப் பதிலாகச் சொதியைத் திட்டினார்.

இரண்டரைக்கு முன்னரே அங்கே இருந்தோம். ஒற்றை வழிப் பாதை ஒன்று மலையிடுக்கின் விளிம்போடு போகிறது. கறுப்புப் பட்டை மரங்கள், அவற்றுக்கிடையே திடீரென்று வெளித்த பாறை. வீடு கட்டும் அளவுக்கு அகலமான தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இறங்குகின்றன. அவற்றின் மேல் தண்ணீர் அவசரமில்லாமல் வழிந்து, கீழே போய் வெள்ளையாக உடைகிறது. புத்தகத்தில் இருந்த படம் உள்ளங்கை அளவு. அதில் சத்தம் இல்லை. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

வெயில் பட்ட பாறை சூடாக இருந்தது. அம்மாவுக்கு அதுதான் முதலில் பிடித்தது. உள்ளங்கை இரண்டையும் கல்லில் வைத்து, "வீட்டைவிட இது சூடு," என்று அப்படியே சப்பாணி கட்டி இருந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் பீங்கான் கோப்பைகளில் புட்டும் இறைச்சிக் கறியும். நாயோடு போன ஒரு வயதான சோடி எங்களைப் பார்த்துக் கையசைத்தது; அக்கா அவர்களைத் தெரியும் என்பதுபோலத் திருப்பிக் கையசைத்தார். மாமா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்தில் சாப்பிட்டதெல்லாம் சாப்பாடு இல்லை என்று அறிவித்தார். அக்கா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கை கழுவத் தண்ணீருக்குப் போன அக்கா அங்கிருந்து கூப்பிட்டார். விரலில் மினுங்கும் ஒரு துகள். மாமா எழும்பி ஓடினார்.

"நாலு வருசமாப் பொன்னுக்கு மேல படுத்திருக்கிறாய் பிள்ளை," என்றார்.

அது பொன் இல்லை, கருங்கல்லில் மினுங்கும் மைக்கா. சொன்னதும் இரண்டு பேரின் முகமும் விழுந்தது. அதனால் எனக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. மைக்கா எது, பளிங்குபோல இருக்கும் குவாட்ஸ் எது, பால் நிறத்தில் விரல் நகம் அளவுக்கு இருக்கும் மணி எது என்று அவர்களுடைய விரலைப் பிடித்துப் பாறையில் வைத்துக் காட்டினேன். மணிகள் ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டார் அக்கா. உருகிய பாறை மெதுவாக ஆறினால் பெரிய மணி வரும், கெதியாக ஆறினால் பொடி மணி. கற்கண்டு செய்கிறவர்கள் பாகை ஏன் அசையாமல் நாட்கணக்கில் வைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். இது ஆறியது நிலத்துக்குக் கீழே, கிலோமீற்றர் கணக்கான ஆழத்தில். நாங்கள் இப்போது இருந்து புட்டுச் சாப்பிட்ட இடம் ஒரு காலத்தில் அவ்வளவு கீழே.

"அப்ப மேல இருந்ததெல்லாம் எங்க?"

கேட்டது அம்மா. கோப்பையைத் துவாயில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"மழையும் ஆறும் அரிச்சுக்கொண்டு போட்டுது அம்மா."

"உவ்வளவையுமோ?"

"உவ்வளவையும். அதுக்குக் கோடிக்கணக்கான வருசம் இருந்தது. மேல இருந்த பாரம் போகப் போக, கீழ இருந்த கல்லு நிமிந்து வெடிச்சு, உப்பிடித் தட்டுத் தட்டாக் கழருது. பாருங்கோ, உங்கட காலுக்குக் கீழயும் ஒண்டு கழருது."

அம்மா காலை நகர்த்திப் பார்த்தார். குனிந்து, தட்டின் விளிம்புக்குக் கீழே விரலை விட்டார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"யாழ்ப்பாணத்தில இந்தக் கல்லில்லை. கிணறு வெட்டினா வெள்ளைக் கல்லுத்தான் வரும். ஆனா எங்கட வீட்டு அம்மி இப்பிடித்தான் இருந்தது, இதே மணி மணியா. அப்ப அது எங்கயிருந்து வந்தது?"

ஏழு வருடப் படிப்பிலும் வேலையிலும் என்னிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். இரண்டாம் வகுப்போடு நின்றவர், ஒரு கல்லைப் பார்த்து, இது இந்த இடத்துக்கு உரியதில்லை, யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். எங்கள் வேலையே அதுதான். வன்னிக்குத் தெற்கே பழைய பாறை நிலத்துக்கு மேலே தெரியும், அங்கிருந்து வண்டியில் வந்திருக்கலாம். இந்தியாவிலிருந்து வள்ளத்திலும் வந்திருக்கலாம். அந்தக் கல்லைப் பார்க்காமல் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது என்றேன். தெரியாது என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது போலிருந்தது.

"உந்தப் படிப்புக்குத் தமிழில என்ன பேர்?"

"நிலவியல்."

"நிலவியல்," என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "இதை ஏன் நீ எனக்கு முதலே சொல்லேல்லை? நீ சொல்லுறது என்ர வாயில நுழையாது. நுழையாததை நான் எப்பிடி ஆக்களுக்குச் சொல்லுறது?"

ஏழு வருடமாக அவர் கேட்கவில்லை என்று மனத்தாங்கல் பட்டேன். ஏழு வருடமாக நான் ஜியோலொஜி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறேன். வீட்டில் படித்த ஆள் நான் ஒருத்தி; அந்தச் சொல்லை அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பது என் வேலையாக இருந்தது.

அப்போது மாமாவின் போன் அடித்தது. மெல்பேர்ணிலிருந்து மாமி. இரவுச் சாப்பாட்டுக்கு இன்னொரு வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்களாம், உடனே வெளிக்கிட்டால்தான் எட்டு மணிக்காவது போய்ச் சேரலாமாம். மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். வெயில் சரிந்து பாறை முழுதும் செம்மஞ்சளாகியிருந்தது. நானும் அம்மாவைப் பார்த்தேன். இந்த இடத்தில் அவர் எப்போதும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"மச்சாள், இண்டைக்கு வரேலாது எண்டு அவைக்குச் சொல்லுங்கோ. கோவிச்சா நாளைக்கு வந்து சமாளிக்கிறன். என்ர மகள் நிலவியல் படிச்சவள். அவள் எங்களுக்குப் பாறை காட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் முடியேல்லை."

போனை மாமாவிடம் கொடுத்தார். அருவியின் கீழ்த் தட்டை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. வெளிச்சம் முக்கால் மணி நேரமாவது இருந்தது. அக்கா கூடையை ஒரு மரத்தடிக்குத் தள்ளி வைத்தார். அம்மா நீல ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, யாரையும் கேட்காமல், எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினார்.